புளோயர் நாலில் இருந்த வரை கேட்காத சத்தம்

முதலில் நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. சில வருஷங்களுக்கு முன், ஜூன் மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், ஏழு வயதான வெள்ளைக் கார் ஒன்று ஏசி குளிரவில்லை என்று எங்கள் சர்வீஸ் சென்டருக்கு வந்தது.

2. டாஷ்போர்டை முழுதாகக் கழற்றி, உள்ளே ஓட்டையாகியிருந்த கூலிங் காயிலை மாற்றி, டாஷ்போர்டைத் திரும்பப் பூட்டினோம். புதன்கிழமை கார் வீட்டுக்குப் போனது. ஏசி அருமையாகக் குளிர்ந்தது.

3. வியாழக்கிழமை கார் திரும்பி வந்தது. டாஷ்போர்டுக்குள் ‘ர்ர்ர்’ என்று ஒரு சத்தம். சரிசெய்தோம்.

4. சனிக்கிழமை திரும்பி வந்தது. பின்சீட்டுக்குப் பின்னால் ‘கிச் கிச்’. சரிசெய்தோம்.

5. அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடியும் வந்தது. முன்னால் இடதுபக்கம் ‘டொக்’.

6. அன்று சாயங்காலம் ஒரு மெக்கானிக்கின் இடம் பறிபோகவிருந்தது. தப்பு அவருடையது அல்ல, என்னுடையது. அது அப்போது எனக்கு மட்டுமே தெரியும்.

நான் அந்த சர்வீஸ் சென்டரின் முன்மேசையில் ஐந்து வருஷம் சர்வீஸ் அட்வைசராக இருந்தவள். இந்த வெள்ளிக்கிழமையோடு அந்த நாற்காலியை விட்டுப் பயிற்சிப் பிரிவுக்குப் போகிறேன். இருபத்தெட்டு வயதில் பென்ஷன் வாங்கியவரைப்போல் அனுபவம் எழுத உட்கார்ந்திருப்பது எனக்கே சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் கேட்டது நீங்கள். தமிழ்நாட்டு பாலிடெக்னிக்குகளிலிருந்து வந்து, டெல்லி முனிர்காவில் இரண்டு அறைகளில் ஐந்து பேராகத் தங்கியிருக்கும் நீங்கள், “அக்கா, போறதுக்கு முன்னாடி ஏதாவது எழுதிக் குடுத்துட்டுப் போங்க” என்றீர்கள். ஹிந்தியில் எழுதினால் உங்களுக்குப் புரியாது. இங்கிலீஷில் எழுதினால் மேனேஜருக்குப் புரியும். ஆகவே தமிழ். நான் டெல்லியில் பிறந்து வளர்ந்தவள். எழுத்துப்பிழைகளை அப்பா திருத்திக் கொடுத்தார். திருத்தியபோது அவர் போட்ட பெருமூச்சுகளை இங்கே சேர்க்கவில்லை.

டாஷ்போர்டை எப்படிக் கழற்றுவது என்று சொல்லப்போவதில்லை. அது புத்தகத்தில் இருக்கிறது, உங்கள் கையிலும் வந்துவிடும். கழற்றிப் பூட்டிய பிறகு வரும் சத்தங்களைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். ரிப்பேருக்கு வந்த கார் புதுச் சத்தத்தோடு வீட்டுக்குப் போவதைவிட ஒரு வாடிக்கையாளரைக் கோபப்படுத்தும் விஷயம் வேறு இல்லை. ஏசி கெட்டால் வெயிலைத் திட்டுவார்கள். சத்தம் வந்தால் நம்மைத்தான் திட்டுவார்கள்.

சத்தத்தை யாரும் வர்ணிப்பதில்லை. நடித்துக் காட்டுவார்கள். கரோல் பாக்கில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர் என் மேசைக்கு முன்னால் நின்று, கண்களை மூடிக்கொண்டு, ஆட்டுக்குட்டிபோல் மூன்று தடவை கத்தினார். பிரேக் பேட் தேய்ந்திருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும் பக்கத்து மேசைக்காரர் கேட்கவில்லை என்பதற்காக நாலாவது தடவையும் கத்தச் சொன்னேன். அந்தப் பாவம் என்னைச் சேரட்டும்.

வெள்ளைக் காரின் சொந்தக்காரர் நடிக்கிறவர் அல்ல. அவர் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் அண்டர் செக்ரட்டரி. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், குடியிருப்பது மோதி பாக் அரசுக் குடியிருப்பில். என் பெயர் அட்டையைப் பார்த்ததுமே தமிழுக்கு மாறினார்.

“ஏம்மா, நீ நம்மாளா? நல்லதாப் போச்சு. ஏசி சுத்தமா குளுரல. எல்லாம் இதுல எழுதியிருக்கேன், பாத்துக்கோ.”

மேசைமேல் கோப்பு ஒன்றை வைத்தார். மூலையில் வெள்ளை நாடா கோத்த, அலுவலகத்துக் கோப்பு. உள்ளே கோடு போட்ட தாளில் கட்டங்கள். தேதி, நேரம், இடம், வேகம், ஏசி எண், கண்ணாடி, பக்கத்தில் யார், குறை. மார்ச் மாதம் முதல் எழுதியிருந்தார். ‘பக்கத்தில் யார்’ என்ற கட்டத்தில் பெரும்பாலும் ‘மனைவி’. ஒரு நாள் மட்டும் ‘மனைவி (கோபம்)’.

நானும் பட்டியல் போடுகிறவள்தான். வீட்டில் ஊறுகாய் பாட்டிலுக்குக்கூடத் தேதி ஒட்டுகிறவள். அந்தக் கோப்பைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அன்று திங்கட்கிழமை. மணி ஒன்பதேகால். எனக்கு முன்னால் பதினொரு பேர் நின்றார்கள், அத்தனை பேருக்கும் ஏசி ஓடவில்லை, அத்தனை பேரும் “ஜல்தி, ஜல்தி” என்று அவசரப்படுத்தினார்கள்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். கார் உள்ளே வரும்போது நாம் நிரப்பும் ஜாப் கார்டில் இரண்டு வரிகள் உண்டு. ‘வாடிக்கையாளருடன் ரோடு டெஸ்ட்: ஆம் / இல்லை.’ ‘ஏற்கெனவே உள்ள சத்தம்: உண்டு / இல்லை.’ வேலையைத் தொடங்குமுன் வாடிக்கையாளரைப் பக்கத்தில் உட்காரவைத்து இரண்டு நிமிஷம் காரை ஓட்டிப் பார்க்க வேண்டும். இருக்கிற சத்தங்களை அப்போதே இருவரும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். பின்னால் யாரும் யாரையும் குறைசொல்லாமல் இருப்பதற்காகத்தான் அந்த இரண்டு வரிகள்.

நான் ஓட்டவில்லை. ‘ஆம்’ என்பதில் ஒரு டிக். ‘இல்லை’ என்பதில் ஒரு டிக். கையெழுத்து. கார்டை அவர் பக்கம் திருப்பினேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி கையெழுத்துப் போட்டார். இருபது நொடி வேலை.

அந்த வேலை தீபக்குக்குப் போனது. ஒரு லிஃப்ட், ஒரு டூல் ட்ராலி, சுற்றிலும் மஞ்சள் கோடு. இப்படி ஒரு மெக்கானிக்குக்கு உரிய கட்டத்தை பே என்கிறோம். தீபக் ஒன்பது வருஷம் மற்றவர்களின் பேயில் உதவியாளாக இருந்து, அந்த வருஷம்தான் ஆறாம் நம்பர் பேயைத் தன் பெயரில் வாங்கியிருந்தார். தன் ட்ராலியில் எந்த ஸ்பேனர் எங்கே என்று இருட்டிலும் சொல்வார். “மேடம்ஜி, நான் டாஷ்போர்டைப் பூட்டி முடித்தால் ஒரு ஸ்க்ரூகூட மிச்சம் வராது” என்று ஹிந்தியில் பெருமை பேசுவார். இந்தத் தொழிலில் அது சின்னப் பெருமை அல்ல. மூன்று ஸ்க்ரூ மிச்சம் வந்தால் “கம்பெனி அதிகமாகப் போட்டுவிட்டது” என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்.

வியாழக்கிழமை வெள்ளைக் காரின் அதிகாரி வந்தார்.

“ஏசி ஜோரா இருக்கும்மா. ஆனா உள்ள ஒரு வண்டு பூந்துட்டு.”

தீபக் டாஷ்போர்டில் காதை வைத்துக் கேட்டார். அதிலுள்ள சிறு பெட்டியைத் திறந்து உள்ளே முழங்கை வரை கையை விட்டு எதையோ அழுத்தினார். ‘க்ளிக்’. வண்டு செத்தது.

“மேரா ஹை, மேடம்ஜி,” என்றார். என்னுடைய தப்புதான் என்று அர்த்தம். வயர் க்ளிப் ஒன்று முழுசாக உட்காரவில்லை. அதை அவர் சொல்லியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. யாரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை ‘கிச் கிச்’. அன்று தீபக்கின் முகம் மாறியது.

“மேடம்ஜி, நான் கழற்றியது முன்னால். சத்தம் வருவது பின்னால். நடுவில் நாலு சீட்டும் ஒரு ஹேண்ட் பிரேக்கும் இருக்கின்றன. இங்கிருந்து அங்கே எப்படிப் போயிருக்கும், பஸ் பிடித்தா?”

நியாயமான கேள்வி. அதையே பக்குவமாக அதிகாரியிடம் சொல்ல வாயெடுத்தேன். அவர் கோப்பைத் திறந்தார். ஜாப் கார்டின் நகல் அதில் இருந்தது. ஓரத்தில் சிவப்புச் சீட்டு ஒட்டியிருந்தார்.

“சத்தம், இல்லைன்னு போட்டிருக்கு. ஒன் கையெழுத்துதானே?”

“ஆமா சார்.”

“என்னோட ஓட்டிப் பாத்ததாவும் போட்டிருக்கு.”

இவருக்குத் தெரியாதா, நாங்கள் ஓட்டவே இல்லை என்று?

அவர் தன் கையெழுத்தின்மேல் விரலை வைத்தார். “எப்பப் போனோம்னு எனக்கு ஞாபகம் இல்ல. ஆனா கீழ நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். அதனால போயிருப்போம்.”

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. கோப்பில் இருந்தால் நடந்ததுதான் என்று முப்பது வருஷம் வாழ்ந்த மனிதர். நடக்காத ஒன்றுக்குத் தான் கையெழுத்துப் போட்டிருப்போம் என்பதைவிட, நடந்ததைத் தான் மறந்திருப்போம் என்பதே அவருக்குச் சுலபமாக இருந்தது. நான் அந்தச் சுலபத்தில் ஒதுங்கிக்கொண்டேன். தீபக் பின்பலகைக்கு அடியில் ஃபெல்ட் டேப் ஒட்டி ‘கிச் கிச்’சை நிறுத்தினார்.

செவ்வாய்க்கிழமை ‘டொக்’ வந்தபோது மேனேஜர் என்னையும் தீபக்கையும் கூப்பிட்டார். குரலை உயர்த்தாத பஞ்சாபி மனிதர். அவர் அறையில் ஒரு வெள்ளைப் பலகை உண்டு; மெக்கானிக்குகளின் பெயர்கள், எதிரே பே எண்கள். ஒரு கார் அதே வேலைக்காகத் திரும்பி வந்தால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. ஒரே காருக்கு மூன்று புள்ளி விழுந்தால் பே போய்விடும். மூன்று மாதம் கார் கழுவும் இடத்தில் வேலை. ஜூன் மாதத்தில் அது நல்ல இடந்தானே என்று சிரிக்காதீர்கள். நானும் ஒரு நொடி அப்படித்தான் நினைத்தேன். பிறகு தீபக்கைப் பார்த்தேன். மூன்று மாதம் கழித்துத் திரும்பும்போது ஆறாம் நம்பர் பேயில் வேறொருவரின் ட்ராலி நிற்கும். மறுபடி எத்தனை வருஷமோ.

“சர், டொக் சத்தம் சக்கரத்துப் பக்கம். டாஷ்போர்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை,” என்றார் தீபக்.

“கார்டில் என்ன இருக்கிறது? வரும்போது சத்தம் இல்லை. போகும்போது சத்தம். இடையில் காரைத் தொட்டது யார்?” என்றார் மேனேஜர். “கார்டில் இருப்பதுதான் எனக்கு உண்மை. ஐந்து மணிக்கு வாருங்கள்.”

மூன்றாவது புள்ளியை அவர் இன்னும் வைக்கவில்லை. சிவப்புப் பேனாவின் மூடியை மட்டும் கழற்றி மேசைமேல் வைத்தார்.

நான் வெளியே வந்து, ஓய்வறையில் டீ குடித்துக்கொண்டிருந்த அதிகாரியிடம் அந்த நாடா கட்டிய கோப்பைக் கேட்டு வாங்கினேன். முதல் நாளே செய்திருக்க வேண்டியதை ஒன்பதாம் நாள் செய்தேன். உட்கார்ந்து படித்தேன்.

ரிப்பேருக்கு முந்தைய பக்கங்களில் ‘ஏசி எண்’ கட்டம் முழுக்க நாலு, நாலு, நாலு. ‘கண்ணாடி’ கட்டத்தில் ‘திறந்து’. ஏசி குளிராததால் மனிதர் காற்றைத் தள்ளும் புளோயரை முழு வேகத்தில் ஓடவிட்டு, கண்ணாடியையும் இறக்கிவிட்டு ஓட்டியிருக்கிறார். ரிப்பேருக்குப் பிந்தைய பக்கத்தில் ஒன்று, ஒன்று, ஒன்று. ‘மூடியது.’ இப்போது ஒன்றில் வைத்தாலே குளிர்கிறது.

புளோயர் நாலில் ஓடும்போது காருக்குள் மிக்ஸி ஓடுவதுபோல் இருக்கும். கண்ணாடியும் இறக்கியிருந்தால் ரிங் ரோடு முழுதும் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த மனிதர் மார்ச்சிலிருந்து தன் காரையே கேட்கவில்லை. நாங்கள் ஏசியைச் சரிசெய்து அவருக்குக் கொடுத்தது குளிர்ச்சியை மட்டுமல்ல, அமைதியையும். அந்த அமைதியில் ஏழு வருஷத்துக் கார் பேசத் தொடங்கியிருக்கிறது.

அப்படியானால் நாங்கள் ஏன் கேட்கவில்லை? அதற்கும் விடை அங்கேயே இருந்தது. ஏசி வேலை பார்த்த காரை எப்படி ஓட்டிப் பார்ப்போம்? குளிர்கிறதா என்று பார்க்க, புளோயரை நாலில் வைத்து. ஒவ்வொரு தடவையும். எங்கள் பழக்கமே எங்கள் காதை அடைத்திருக்கிறது.

‘இடம்’ என்ற கட்டத்தையும் பார்த்தேன். ‘டொக்’ மட்டும் எல்லாத் தடவையும் ஒரே இடத்தில்: ‘குடியிருப்பின் உள்ளே, வேகத்தடை.’

“சார், இப்ப உங்க குவார்ட்டர்ஸ் வரைக்கும் போய்ட்டு வரலாமா? நீங்க ஓட்டுங்க. நான் பின்னாடி உக்காந்துக்கறேன். தீபக் அண்ணன் உங்க பக்கத்துல.”

“இப்பமா? எத்தன ஆளக் கூட்டிட்டுப் போனாலும் அந்தச் சத்தம் ஒங்க முன்னால வராதும்மா. ஒங்க ஆளுங்களப் பாத்தா ஒளிஞ்சிக்கிடுது.”

மோதி பாக் வரை அது ஒளிந்துகொண்டுதான் இருந்தது. பெரிய சாலைகள் வழவழவென்று இருந்தன. தீபக் தலையை ஜன்னல் பக்கம் சாய்த்து, டாக்டர்போல் கண்ணை மூடியிருந்தார். குடியிருப்பின் வாசலில் அதிகாரியின் மனைவி தள்ளுவண்டிக்காரரிடம் வெண்டைக்காய் ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலைநாளில் பகல் பன்னிரண்டு மணிக்குக் கணவர் இரண்டு அந்நியர்களோடு காரில் வருவதைப் பார்த்ததும் வெண்டைக்காயை அப்படியே விட்டுவிட்டு வந்தார்.

“என்னங்க, ஆக்சிடெண்டா?”

“ஒண்ணுமில்ல. சத்தம் கேக்க வந்திருக்காங்க. ஏறு.”

தீபக் இறங்கிப் பின்னால் வந்தார். அந்த அம்மா முன்சீட்டில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டார். கார் நகர்ந்தது. புளோயர் ஒன்றில். கண்ணாடி மூடியது. அந்தக் குடியிருப்பின் வேகத்தடைகள் செங்கல்லை அடுக்கி மேலே சிமெண்ட் பூசியவை. முதல் தடையில் முன்சக்கரம் ஏறி இறங்கியது.

‘டொக்.’

“கேட்டியா!” என்று அதிகாரி ஸ்டீயரிங்கைத் தட்டினார். கட்சி ஜெயித்தவரைப்போல் இருந்தது முகம்.

“இதுவா?” என்றார் அந்த அம்மா. “இதுக்குத்தான் மூணு தடவ லீவு போட்டுட்டு ஓடுனீங்களா? இது தீவாளிக்கு முன்னால இருந்தே இருக்குல்லா.”

நான் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தேன்.

“தீவாளியா? சும்மா சொல்லாத. எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொல்லலையா? ஏழு தடவ சொன்னேன். அப்ப மெல்லமாத்தான் கேக்கும், என் காலுக்குக் கீழ டொக்கு டொக்குங்குன்னு சொன்னேன். ஒனக்குக் காது சரியில்லன்னீங்க. அத்தோட விட்டீங்களா? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி, கண்ணாடி ரூமுக்குள்ள உக்கார வச்சி, காதுல ஹெட்போன மாட்டி டெஸ்ட் எடுத்தீங்க.”

இரண்டாவது வேகத்தடை வந்தது. ‘டொக்.’

“டாக்டரு என்ன சொன்னாரு, அதையும் அந்தப் பிள்ளைகிட்ட சொல்லுங்க.”

அதிகாரி சாலையைப் பார்த்து ஓட்டினார்.

“காது அருமையா இருக்குன்னாரும்மா,” என்று அந்த அம்மாவே என் பக்கம் திரும்பிச் சொன்னார். “வேணும்னா ஸாருக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துப் பாக்கலாமான்னு கேட்டாரு.”

தமிழ் தெரியாத தீபக் என் முழங்கையைத் தொட்டார். “என்ன சொல்கிறார், மேடம்ஜி?”

“தீபாவளிக்கு முன்னாலிருந்தே இருக்கிறதாம்,” என்றேன் ஹிந்தியில்.

தீபக் கையெடுத்து முன்சீட்டைப் பார்த்துக் கும்பிட்டார். “ஆன்ட்டிஜி, இதை உங்களால் எழுதிக் கொடுக்க முடியுமா?”

“அதெல்லாம் நல்லா எழுதுவேன்,” என்று அந்த அம்மா ஹிந்தியிலேயே சொன்னார். வீட்டுக்கு முன்னால் காரை நிறுத்தியதும் கோப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அதிகாரி விடவில்லை. அவருடைய கோப்பு. அவரே எழுதினார், எழுதும்போதே வாய்விட்டுப் படித்தார்.

“இச்சத்தம் பழுதுபார்ப்புக்கு முன்பிருந்தே இருந்ததாகக் கண்டறியப்பட்டது.”

“யாரு கண்டறிஞ்சா?”

“அப்படித்தாம்ளா எழுதணும். ஆளு பேரு வராது.”

“வரும். போடுங்க.”

‘மனைவி தெரிவித்தபடி’ என்று நடுவில் சேர்த்தார். ‘பலமுறை’ என்ற சொல்லுக்கு மேலும் ஒரு நிமிஷம் ஆனது. அந்த அம்மா கீழே தன் கையெழுத்தைப் போட்டு, தேதியும் போட்டு, “நானும் வாரேன். ஏழு தடவ சொன்னதுக்கு ஒரு தடவயாவது யாராச்சும் கேக்கட்டும்” என்று சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.

இனி எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் உங்களுக்குத் தோன்றும். எனக்கும் அடுத்த சிக்னல் வரை அப்படித்தான் தோன்றியது. சிக்னலில் நின்றபோது கணக்குப் போட்டுப் பார்த்தேன். மேனேஜருக்குக் கார்டில் இருப்பதுதான் உண்மை. கார்டில் என் கையெழுத்தும் அவர் கையெழுத்தும் இருக்கின்றன. அதற்கு எதிரே ஒரு மனைவியின் சொல். மேனேஜர் வணக்கம் சொல்லி டீ கொடுப்பார், புள்ளியையும் வைப்பார். தீபக் தப்ப வேண்டுமென்றால் அந்தக் கார்டே செல்லாது என்று யாராவது சொல்ல வேண்டும். சொல்லக்கூடியவர்கள் இரண்டே பேர். ஒருவர், நாங்கள் ஓட்டிப் பார்த்ததாகவே நம்பத் தீர்மானித்துவிட்டவர்.

ஒரு நல்ல பொய்யும் கைவசம் இருந்தது. ‘ஓட்டினேன், அன்று சத்தம் வரவில்லை.’ எங்கள் சாலை வழவழ என்பதால் யாரும் மறுக்க முடியாது. எனக்கு ஒரு கீறலும் விழாது. தீபக்குக்கும் அதனால் ஒரு பயனும் இராது. பின்சீட்டில் என் பக்கத்தில் அவர் கைக்குட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை யாரும் கேட்காமலே ‘மேரா ஹை’ என்று சொன்ன ஆள்.

முதலில் காரை ஆறாம் நம்பர் பேயில் ஏற்றினோம். லிஃப்ட் உயர்ந்தது. தீபக் ஒரு கம்பியை இடது சக்கரத்துக்குப் பின்னால் கொடுத்து நெம்பினார். சக்கரத்தைத் தாங்கும் பால் ஜாயிண்ட் கட்டைவிரல் அகலத்துக்கு ஆடியது. நெம்ப நெம்ப ‘டொக், டொக்’. அதிகாரி கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்.

“இது கழண்டா என்னாகும்?” என்று கேட்டார்.

“சக்கரம் மடங்கிடும் சார்.”

“சனிக்கிழம ஹரித்வார் போறதா இருந்தோம்,” என்றார் அந்த அம்மா.

எனக்கு அந்த இருபது நொடி ஞாபகம் வந்தது. புதன்கிழமை இந்தக் காரை ‘எல்லாம் சரி’ என்று சிரித்துக்கொண்டே வழியனுப்பியவள் நான்.

ஐந்து மணி வரை காத்திருக்கவில்லை. நால்வரும் மேனேஜரின் அறைக்குப் போனோம். அவர் கோப்பைப் புரட்டினார். நான் ஹிந்தியில் விளக்கினேன். நினைத்தபடியே எல்லோருக்கும் டீ சொன்னார். நினைத்தபடியே ஜாப் கார்டைக் கையில் எடுத்தார்.

“மேடம் சொல்வதை நான் மதிக்கிறேன். ஆனால் இதில் இருவர் ஓட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.”

“ஓட்டவில்லை, சர்,” என்றேன்.

“என்ன?”

“நான் காரை ஓட்டவில்லை. ஓட்டியதாக டிக் போட்டேன். கூட்டமாக இருந்தது. அந்தக் கார்டில் அந்த இரண்டு வரிகளும் பொய்.”

சொல்லிவிட்டேனே தவிர, அடுத்து என்ன செய்வது என்று என் பட்டியலில் எதுவும் இல்லை. தீபக் என்னைப் பார்க்காமல் பலகையைப் பார்த்தார். மேனேஜர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி கோப்பின் நாடாவை அவிழ்த்தார், கட்டினார்.

“நானும் போகவில்லை,” என்றார் கடைசியில், சுத்தமான அலுவலக ஹிந்தியில். “முப்பத்தொரு வருஷ சர்வீஸில் படிக்காமல் நான் போட்ட கையெழுத்து இது ஒன்றுதான்.”

“ஒண்ணுதானா?” என்றார் அவர் மனைவி தமிழில்.

மேனேஜருக்கு வார்த்தை புரியவில்லை, தொனி புரிந்துவிட்டது. கல்யாணமானவர். டீ கோப்பையால் வாயை மறைத்துக்கொண்டார். பிறகு எழுந்து போய், தீபக் பெயருக்குப் பக்கத்திலிருந்த இரண்டு புள்ளிகளில் ஒன்றை விரலால் அழித்தார். ‘வண்டு’க்கு உரிய புள்ளியை அழிக்கவில்லை; அது நியாயம்தான் என்று தீபக்கே சொன்னார். பலகையில் சர்வீஸ் அட்வைசர்களுக்கு அதுவரை இடமே இல்லை. மேனேஜர் அடியில் ஒரு கோடு போட்டு, என் பெயரை எழுதி, எதிரே மூன்று புள்ளிகள் வைத்தார். தவணையில்லாமல் ஒரே தடவையாக.

எனக்குக் கிடைத்த தண்டனை வாஷிங் அல்ல. ஒரு மாதம் வாசலில் நின்று, உள்ளே வரும் ஒவ்வொரு காரையும் வாடிக்கையாளரோடு ஓட்டிப் பார்க்க வேண்டும். சத்தம் கேட்க வேண்டுமென்பதால் புளோயரை அணைத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு. டெல்லியில், ஜூனில். முதல் நாள் மதியம் ஒரு கர்னல் என்னிடம், “மகளே, இது சர்வீஸ் சென்டரா, விசாரணை முகாமா?” என்று கேட்டார். ஆனால் அந்த இரண்டு நிமிஷ அவியலில் அவர் காரின் பின் பேரிங் ஊளையிடுவதை இருவரும் கேட்டோம். எழுதிக்கொண்டோம். அவரே கார்டை ஒரு வரி விடாமல் படித்துக் கையெழுத்துப் போட்டார்.

உங்களுக்குச் சொல்ல எனக்கு இருப்பது கொஞ்சம்தான். ரிப்பேருக்குப் பிறகு கேட்கும் சத்தமெல்லாம் ரிப்பேரால் வந்ததல்ல. ஆனால் அதைச் சொல்லும் உரிமை, ரிப்பேருக்கு முன்னால் காது கொடுத்துக் கேட்டவருக்குத்தான் உண்டு. வாடிக்கையாளர் எப்படி ஓட்டுவாரோ அப்படி ஓட்டிப் பாருங்கள். அவர் ஓட்டும் தெருவுக்கே போங்கள். பக்கத்துச் சீட்டில் உட்காருகிறவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். ஓட்டுகிறவருக்குத் தெரியாதது அங்கே தெரியும். டிக் போடும் கையைத்தான் எனக்கு எப்படித் திருத்துவது என்று தெரியவில்லை. பதினொரு பேர் வரிசையில் நிற்கும்போது அது தானாக நகரும். என்னுடையது இப்போதும் சில நாள் நகர்கிறது. பார்த்து நிறுத்திக்கொள்கிறேன்.

இன்றைய நிலை இது. வெள்ளைக் காருக்கு இடது, வலது இரண்டு பக்கமும் பால் ஜாயிண்ட் மாற்றியாயிற்று. அவர்கள் ஹரித்வார் ஒரு வாரம் தாமதமாகப் போய்வந்தார்கள். தீபக் ஆறாம் நம்பர் பேயில் இருக்கிறார். டாஷ்போர்டு வேலை எல்லாம் அவருக்குத்தான் போகிறது. என் மூன்று புள்ளிகள் ஒரு வருஷம் பலகையில் இருந்தன. பிறகு பலகையையே மாற்றிவிட்டார்கள். வாசல் ரோடு டெஸ்ட் எல்லாக் காருக்கும் கட்டாயம், புளோயரை அணைத்து. திங்கட்கிழமையிலிருந்து அதைச் செய்ய வேண்டியவர்கள் நீங்கள் ஐந்து பேர். தண்ணீர் பாட்டில் எடுத்துப் போங்கள்.